உப்புநீர்த் தொட்டியில் பாசி: பெயர் கண்டுபிடிப்பதிலிருந்து பிடித்து நிறுத்துவது வரை

"அண்ணே, தொட்டி பூரா பாசி. என்ன மருந்து ஊத்தலாம்?"

மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி என் கைப்பேசிக்கு வந்துவிடும். கூடவே நீல விளக்கில் எடுத்த, ஒன்றுமே புரியாத ஒரு படமும் வரும். நான் எழுதும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "வெள்ளை விளக்கில் இன்னொரு படம் அனுப்புங்க. ஒரு வாரத்துக்கு எதையும் ஊத்தாதீங்க."

சிங்கப்பூர்ச் செங்காங்கில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், சம்ப் என்கிற கீழ்ப்பக்க வடிகட்டித் தொட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 200 லிட்டர் கடல் இருக்கிறது. எட்டு வருடமாக அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். பாசியால் இரண்டு முறை தொட்டியையே விற்றுவிடும் நிலைக்குப் போயிருக்கிறேன். இரண்டு முறையும் பாசி செய்த கெடுதலைவிட, அவசரப்பட்டு நான் செய்த கெடுதல்தான் பெரிது.

முதலில் ஒன்று. உப்புநீர்த் தொட்டியில் பாசி இருப்பது நோயல்ல. கண்ணாடியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை மெல்லிய பச்சைப் படலம் வந்தால் தொட்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். காந்தத் துடைப்பானை ஓட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். பாறையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் படியும் சுண்ணாம்புப் பாசியும் நல்லதுதான், அதற்காகக் காசு கொடுப்பவர்களே இருக்கிறார்கள். பவளத்தின் சதைக்குள்ளேயே நுண்பாசிகள் குடியிருந்து அதற்குச் சோறு போடுகின்றன. இந்தக் கட்டுரை, பவளத்தை மூடி, பாறையை மறைத்து, தொட்டியையே தனதாக்கிக்கொள்ளும் பாசியைப் பற்றியது.

படி 1: எது என்று பெயர் சொல்லுங்கள்

வைத்தியம் பாசிக்குப் பாசி மாறும். ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்கு உரமாகிவிடும். அதனால் விளக்கை வெள்ளைக்கு மாற்றி, தண்ணீர் ஓட்டத்தை நிறுத்தி, பக்கத்தில் போய்ப் பாருங்கள். பிறகு சட்டையைச் சுருட்டிக்கொண்டு தொட்டும் பாருங்கள்.

தொட்டி வைத்து ஒன்றிரண்டு மாதம்தான் ஆகிறது, மணலிலும் கண்ணாடியிலும் தேநீர்க் கறைபோலப் பழுப்பு நிறப் பொடி, விரலால் துடைத்தால் உடனே போய்விடுகிறது என்றால் அது டயட்டம். தண்ணீரில் உள்ள சிலிக்கேட்டைத் தின்று வளரும், தீர்ந்ததும் தானாக அடங்கும். இதற்குப் போய் மருந்து வாங்காதீர்கள். மூன்று வருடத் தொட்டியில் டயட்டம் திரும்ப வந்தால் மட்டும் தண்ணீர் வடிகட்டியைச் சந்தேகப்படுங்கள். எனக்கு அப்படித்தான் வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சிவப்பும் ஊதாவுமாக, வெல்வெட் துணியை விரித்ததுபோல மணல்மேல் படர்ந்து, நடுவே காற்றுக்குமிழ்கள் நிற்கின்றனவா? ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் தாளாக உரிந்து வருகிறதா? அது சயனோபாக்டீரியா, சுருக்கமாக சயனோ. பார்க்கப் பாசிபோல இருந்தாலும் அது பாக்டீரியா. தண்ணீர் ஓட்டம் சாகும் மூலைகளில், கழிவு தேங்கும் இடத்தில்தான் முதலில் தலைகாட்டும்.

பச்சை முடிபோல ஆடி, பிடித்து இழுத்தால் கொத்தாகக் கையோடு வருவது முடிப்பாசி. பார்க்க அதேபோல இருந்து, ஒவ்வொரு இழையும் இறகுபோல, பெரணி இலைபோல இருபக்கமும் கிளைத்திருந்தால் அது பிரயோப்சிஸ். பூதக்கண்ணாடி இல்லாவிட்டால் கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த வித்தியாசம் முக்கியம். முடிப்பாசியை உணவையும் கழிவையும் சரிசெய்தே அடக்கிவிடலாம். பிரயோப்சிஸ் அதற்கெல்லாம் அசையாது.

பச்சை முத்துப்போல, பட்டாணி அளவில் பாறை இடுக்கில் உட்கார்ந்திருப்பது குமிழ்ப்பாசி, வலோனியா. ஒவ்வொரு முத்தும் ஒரே ஒரு செல் என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

கடைசியாக, பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும் டைனோஃப்ளாஜெல்லேட், சுருக்கமாக டைனோ. சளிபோலப் பழுப்பாக, நூல்நூலாகத் தொங்கும், நுனியில் குமிழ் இருக்கும். காலையில் மணல் சுத்தமாகத் தெரியும், விளக்கு எரிந்து சில மணி நேரத்தில் மறுபடி மூடிவிடும். நத்தைகள் காரணமில்லாமல் செத்தால் சந்தேகத்தை உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

டயட்டமா டைனோவா என்று குழம்பினால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சளியைச் சிறு குழாயால் உறிஞ்சித் தொட்டித் தண்ணீரோடு ஒரு பாட்டிலில் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். காப்பி வடிகட்டும் தாளில் ஊற்றி, இறங்கிய தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, தெளிந்திருந்த தண்ணீரில் மறுபடி சளி திரண்டு நூலாக நின்றால் அது டைனோதான். பிள்ளைகள் அறிவியல் பாடத்துக்கு வாங்கிய 400 மடங்கு நுண்ணோக்கி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது, எந்த வகை டைனோ என்பதையும் பார்த்துவிடலாம்.

படி 2: அளந்து பாருங்கள், ஆனால் எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

நைட்ரேட், பாஸ்பேட், உப்பளவு, காரத்தன்மை, வெப்பம். இந்த ஐந்தையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பவளம் உள்ள தொட்டிக்கு நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை, பாஸ்பேட் 0.03 முதல் 0.10 பிபிஎம் வரை என்று நான் வைத்துக்கொள்கிறேன். இதற்கு வெளியே நன்றாக ஓடும் தொட்டிகளும் உண்டு. எண் எதுவாக இருந்தாலும் அது தடாலென்று ஏறாமல் இறங்காமல் இருப்பதுதான் பவளத்துக்கு வேண்டும்.

நிறம் ஒப்பிடும் டெஸ்ட் கிட்டில் 0.03-க்கும் 0.10-க்கும் வித்தியாசம் காண்பதற்குள் கண் போய்விடும். பாஸ்பேட்டுக்கு மட்டுமாவது ஹன்னா செக்கர் மாதிரி ஒரு மின்னணுக் கருவி வாங்குங்கள். அதில் ஒரு மாடல் பாஸ்பேட்டைக் காட்டாது, பாஸ்பரஸை பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும். 20 என்று வந்தால் அதை 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். விடை 0.061 பிபிஎம். இது தெரியாமல் 20-ஐப் பார்த்து அலறியவர்கள் இருக்கிறார்கள்.

எண்ணை நம்ப வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தொட்டி முழுக்கப் பாசி ஆடும்போது அளந்தால் பல சமயம் பூஜ்யம் வரும். "பாஸ்பேட்டே இல்லையே, பாசி எப்படி வந்தது?" என்று கேட்பார்கள். சாப்பாட்டுப் பந்தி முடிந்த பிறகு பாத்திரத்தைப் பார்த்தால் காலியாகத்தானே இருக்கும்? சோறெல்லாம் பாசியின் வயிற்றில் இருக்கிறது. மீதி தண்ணீரில் இல்லை, அவ்வளவுதான்.

படி 3: உள்ளே ஊற்றும் தண்ணீர்

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரை நாம் அப்படியே குடிக்கலாம். மீனுக்கு அப்படி இல்லை. பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரைக் கிருமிநீக்க குளோரமைன் பயன்படுத்துகிறது. குளோரினைப்போல ஒரு நாள் வாளியில் வைத்தால் இது பறந்துவிடாது. கரி வடிகட்டி குளோரமைனை உடைக்கும்போது அம்மோனியா பிரிந்து வருகிறது, அதைப் பிடிக்க ஆர்ஓ (எதிர்ச் சவ்வூடுபரவல்) சவ்வுக்குப் பின்னால், மிஞ்சிய அயனிகளைப் பிடிக்கும் டிஐ பிசின் வேண்டும். குளோரமைனுக்கென்றே விற்கும் கரி உருளையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கரி சீக்கிரம் தோற்றுவிடும்.

இப்போது என் மூன்று வருடத் தொட்டிக் கதை. திடீரென்று மணலெல்லாம் பழுப்பு. உணவைக் குறைத்தேன், விளக்கைக் குறைத்தேன், இரண்டு மாதம் போராடினேன். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 1 அல்லது 2 என்றுதான் காட்டியது. "பூஜ்யத்துக்குப் பக்கம்தானே" என்று விட்டுவிட்டேன். ஒருநாள் டிஐ குழாயைக் கழற்றியபோது பார்த்தால் பிசின் முழுக்க நிறம் மாறியிருந்தது. பிசின் தீரும் தறுவாயில் முதலில் நழுவி வெளியே வருவது சிலிக்கேட். அது மீட்டரில் சரியாகத் தெரியவும் தெரியாது. பிசினை மாற்றி மூன்று வாரத்தில் பழுப்பு போய்விட்டது. அன்றிலிருந்து மீட்டர் 0 காட்டாவிட்டால் அந்தத் தண்ணீர் செடிக்குத்தான்.

ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகத் தினமும் ஊற்றுவதற்கும் இதே விதிதான். ஆவியாவது சுத்தத் தண்ணீர் மட்டுமே, அழுக்கெல்லாம் உள்ளேயே தங்கும். குழாய்த் தண்ணீரால் ஈடுகட்டினால் வருடக்கணக்கில் அது சேர்ந்துகொண்டே போகும். மின்விசிறி வைத்துத் தொட்டியைக் குளிர்விப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் காணாமல் போகும் என்பது தெரிந்திருக்கும்.

ஒரு ஊர்க்காரியம்: ஆர்ஓ தண்ணீர் பிடித்து வைத்த வாளியையும் டிரம்மையும் மூடி வையுங்கள். ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய தெளிந்த தண்ணீர்தான் பிரியம். வீட்டுச் சோதனைக்கு வரும் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரியிடம் "இது பவளத்துக்கு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கடல்நீர் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. கடைகளில் பைகளில் விற்கும் இயற்கைக் கடல்நீரை வாங்கினால் ஊற்றுவதற்கு முன் அதன் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளந்துவிடுங்கள். கரையில் போய் நீங்களே மொண்டு வருவது வேண்டவே வேண்டாம். உலகத்திலேயே நெரிசலான கடல்வழிகளில் ஒன்று நம் வாசலில் ஓடுகிறது. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பல் மோதிக் கசிந்த எண்ணெய், ஈஸ்ட் கோஸ்ட் மணலைக் கறுப்பாக்கியதை எல்லோரும் பார்த்தோம். உப்புப் பொடியை ஆர்ஓ தண்ணீரில் கரைத்து 35 பிபிடிக்கு (ஆயிரத்தில் 35 பங்கு உப்புக்கு) கொண்டுவருவதில் பெரிய வேலை ஒன்றும் இல்லை.

படி 4: கை வேலை

பாசிக்கு எதிராக நம்மிடம் உள்ள பலமான ஆயுதம் பழைய பல் துலக்கும் தூரிகை. சிரிக்காதீர்கள். நூறு கிராம் பாசியைக் கையால் எடுத்து வெளியே போட்டால், அதற்குள் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதோடு வீட்டைவிட்டு வெளியேறிவிடும். அதே பாசியை மருந்து ஊற்றித் தொட்டிக்குள்ளேயே கொன்றால், அது அழுகி எல்லாவற்றையும் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கும். அடுத்த தலைமுறைக்கு விதைநெல்லும் எருவும் சேர்த்துக் கொடுத்தது மாதிரி.

சனிக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மாற்றும் நாளில்தான் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் எடுத்த பழைய உப்புநீர்தான் கழுவும் தண்ணீர். இரண்டு வாளியில் அதை நிரப்பிக்கொள்ளுங்கள். கழற்றி எடுக்க முடிந்த பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து முதல் வாளிக்குள் முக்கியபடி முதலில் விரலால் கொத்துக்கொத்தாகப் பிடுங்குங்கள். வேர் என்று ஒன்று கிடையாது. ஆனால் பாறையின் துளைக்குள் இறங்கிப் பிடித்திருக்கும் பகுதி மிஞ்சினால் பத்து நாளில் திரும்ப முளைக்கும். அதனால் பிடுங்கிய இடத்தைத் தூரிகையால் வட்டமாகத் தேயுங்கள். தண்ணீர் பச்சைப் பயறு வேகவைத்த தண்ணீர்போல ஆகும். பாசிர் ரிஸ் கடற்கரையில் நீர் வற்றிய நேரத்து வாசனை வீடெல்லாம் வரும். என் மனைவி அந்தச் சமயம் பார்த்துத்தான் தேக்கா சந்தைக்குக் கிளம்புவாள். இரண்டாவது வாளியில் அலசிவிட்டுத் தொட்டிக்குள் வையுங்கள். அலசாமல் வைத்தால் தேய்த்து உதிர்ந்த துணுக்குகள் தொட்டி முழுக்கப் பரவிவிடும்.

எடுக்க முடியாத பாறைக்கு, தண்ணீர் உறிஞ்சும் குழாயின் முனையில் தூரிகையை ரப்பர் வளையத்தால் கட்டிக்கொள்ளுங்கள். தேய்க்கத் தேய்க்கத் துணுக்கைக் குழாயே இழுத்துக்கொள்ளும். மறுமுனையில் ஒரு வடிகட்டிப் பை இருந்தால், தண்ணீரைத் திரும்பச் சம்ப்புக்கே விட்டு நேரம் எடுத்துக்கொண்டு வேலை செய்யலாம். குமிழ்ப்பாசியை உடைக்காமல் அடியில் நகத்தைக் கொடுத்து நெம்பி எடுங்கள். உடைந்தால் ஊரெல்லாம் பரவும் என்பதில் ஆளுக்கொரு பேச்சு உண்டு. குழாயை பக்கத்திலேயே பிடித்துக்கொண்டால் அந்த வாதமே தேவையில்லை.

சயனோவைத் தேய்க்காதீர்கள், உறிஞ்சுங்கள். தேய்த்தால் அது தூளாகி வேறு இடத்தில் போய் உட்காரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். பாறையில் சோவாந்திட், பாலிதோவா போன்ற பொத்தான் பவளங்கள் இருந்தால் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று அந்த வேலையை விட்டுவிடுங்கள். பாசியைக் கொல்கிறேன் என்று பாறையை அடுப்பில் கொதிக்க வைப்பதோ வெந்நீர் ஊற்றுவதோ எக்காரணம் கொண்டும் கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. நம் வீவக சமையலறை எவ்வளவு சின்னது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பவளத்துண்டின் அடிக்கட்டையில் மட்டும் பாசி என்றால், அதை வெளியே எடுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாசிமேல் மட்டும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நுரைக்கும். இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பழைய உப்புநீரில் அலசித் திரும்ப வையுங்கள். இரண்டு நாளில் பாசி வெளுத்துவிடும். தொட்டிக்குள்ளேயே ஊற்றுபவர்களும் உண்டு, ஆனால் என் தொட்டியில் சுத்தப்படுத்தும் இறால் இருப்பதால் நான் அந்த வம்புக்குப் போவதில்லை.

படி 5: சோறும் கழிவும்

தொட்டிக்குள் பாஸ்பேட் வரும் பெரிய வாசல் மீன் உணவு. நம்மவர்களுக்கு யாரையும் பட்டினி போட மனசு வராது. மீன் கண்ணாடிப் பக்கம் வந்து வாயைத் திறந்தால் "பசிக்குதுபோல" என்று ஒரு கிள்ளு போட்டுவிடுவோம். எங்கள் வீட்டில் அப்பா, நான், மகள் என்று மூன்று பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் போட்டுக்கொண்டிருந்தது பல மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு வேளை, ஒரே ஆள். அப்புறம் மீனைப் பட்டினியும் போட வேண்டாம். மெலிந்த மீன் நோயைக் கொண்டுவரும்.

உறைந்த உணவைக் கரைத்துக் கழுவிப் போட்டால் பாஸ்பேட் போய்விடும் என்பார்கள். கொஞ்சம் போகும். பெரும்பங்கு உணவின் சதைக்குள்தான் இருக்கிறது, அதைக் கழுவ முடியாது. கழுவுங்கள், ஆனால் கழுவிவிட்டோம் என்று இரட்டிப்பாகப் போடாதீர்கள்.

வெளியே எடுக்கும் பக்கம் பல வழிகள் உண்டு. வடிகட்டிப் பையை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். அழுக்குப் பையைத் தொட்டிக்குள்ளேயே வைத்திருப்பது குப்பைத்தொட்டியைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் வைத்திருப்பது மாதிரி. கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரின் கழுத்தை வாரம் ஒருமுறை துடையுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் நுரை மேலே வராது. பாறை இடுக்கில் சேரும் வண்டலைச் ரப்பர் குமிழ் வைத்த சமையலறைக் குழாய் (டர்க்கி பேஸ்டர்) மாதிரியான ஊதுகுழலால் கிளப்பிவிட்டு, பை பிடிக்கட்டும் என்று விடுங்கள்.

தண்ணீர் மாற்றுவதன் கணக்கைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. நைட்ரேட் 40 இருக்கும்போது 20 சதவீதம் மாற்றினால் 32 ஆகும். அடுத்த வாரம் 25.6, அதற்கடுத்து 20.5. அதுவும் இடையில் ஒரு பருக்கை உணவுகூடப் போடவில்லை என்று வைத்துக்கொண்டால்தான். பாஸ்பேட் இன்னும் பிடிவாதம். அது பாறைக்குள் ஒட்டியிருக்கும், தண்ணீரில் குறைந்ததும் பாறையிலிருந்து கசிந்து வந்து இடத்தை நிரப்பும். அதனால்தான் திங்கள்கிழமை 0.05 காட்டிய தொட்டி வியாழக்கிழமை 0.15 காட்டுகிறது.

அதற்கு ஜிஎஃப்ஓ என்ற இரும்பு ஆக்சைடு மணிகள் இருக்கின்றன. டப்பாவில் சொன்ன அளவில் பாதியில் தொடங்குங்கள். பாஸ்பேட்டை ஒரே இரவில் தரைமட்டமாக்கினால் பவளத்தின் நுனி வெளுக்கும். 0.3-லிருந்து 0.1-க்கு வர ஒரு மாதம் ஆனால் நல்லது.

நைட்ரேட் அதிகமென்றால் வினிகரோ வோட்காவோ மில்லிலிட்டர் கணக்கில் ஊற்றி நல்ல பாக்டீரியாவை வளர்த்து, அதை ஸ்கிம்மரால் எடுப்பது ஒரு வழி. 1 மில்லி வோட்காவின் வேலையை ஏறக்குறைய 8 மில்லி வினிகர் செய்யும். இங்கே மதுவுக்கு இருக்கும் வரியைப் பார்த்தால் வினிகர்தான் மலிவு. மீன் உணவுக்குப் பக்கத்தில் வோட்கா பாட்டில் இருப்பதை மாமியாருக்கு விளக்கும் வேலையும் மிச்சம். அளவு கூடினால் தண்ணீர் பால்போல மங்கி ஆக்சிஜன் குறையும், மீன் மேலே வந்து வாய் திறக்கும். நல்ல ஸ்கிம்மர் இல்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

எனக்குப் பிடித்த வழி பாசியைப் பாசியால் அடக்குவது. சம்ப்பின் ஓர் அறையில் சீட்டோ பாசியை, இரும்புக் கம்பிச் சுருள்போல இருக்குமே அதை, வளர்க்கிறேன். மேல் தொட்டி விளக்கு அணைந்த பிறகு இதற்கு விளக்கு எரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதியைப் பிய்த்து எறிகிறேன். திராட்சைக்கொத்துப்போல அழகாக இருக்கும் காலெர்ப்பாவை இதற்காகச் சிலர் வாங்குவார்கள். அது திடீரென்று ஒரே இரவில் வித்துகளை உதிர்த்துத் தண்ணீரை வெளுக்கவைத்துச் செத்துப்போகும், சேர்த்து வைத்த கழிவையெல்லாம் திருப்பிக் கொட்டிவிடும்.

படி 6: வெளிச்சம், சூடு, ஓட்டம்

இதில் சொல்ல அதிகமில்லை. நம் ஊரில் வருடம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம் பகல் வெளிச்சம். மேற்குப் பார்த்த சன்னலுக்கு எதிரே தொட்டி இருந்தால் திரை போடுங்கள். விளக்கை 8, 9 மணி நேரத்தில் நிறுத்துங்கள், வெள்ளையையும் சிவப்பையும் குறைத்து நீலத்தைக் கூடுதலாக வையுங்கள். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை 26 டிகிரியில் வைத்தால் போதும். மின்கட்டணத்துக்குப் பயந்து 30 வரை விட்டால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், சயனோவுக்குக் கொண்டாட்டம். ஓட்டம் எங்கே செத்திருக்கிறது என்று பார்க்க ஒரு சிட்டிகை உணவுத்தூளை விட்டு, அது போய் உட்காரும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரைத் திருப்புங்கள்.

படி 7: கூலியில்லா வேலையாட்கள்

கையால் எடுத்த பிறகுதான் இவர்களை அழைக்க வேண்டும். நீளமாக வளர்ந்த முடிப்பாசியை நத்தை தொடாது. குட்டையாக இருக்கும்போது மேய்ந்து அப்படியே வைத்திருக்கும்.

என் முதல் தேர்வு ட்ரோக்கஸ் நத்தை. கவிழ்ந்து விழுந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும், மற்ற பல நத்தைகள் கவிழ்ந்த இடத்திலேயே செத்து நாறும். 200 லிட்டருக்கு எட்டு, பத்து போதும். வாங்கி வந்த தண்ணீரோடு தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து ஒரு மணி நேரம் பழக்கி விடுங்கள். உப்பு மாற்றத்தை நத்தை தாங்காது. நசாரியஸ் நத்தையைப் பாசிக்கென்று விற்றால் வாங்காதீர்கள், அது தின்பது மாமிசம். டக்சீடோ கடல்முள்ளெலி பாறையை வழித்துத் துடைத்துவிடும், ஆனால் ஒட்டாத பவளத்துண்டைத் தொப்பிபோலத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போகும். குமிழ்ப்பாசிக்கு எமரால்டு நண்டு, சில நேரம் தின்னும், சில நேரம் திரும்பியும் பார்க்காது. கடல் முயல் என்ற ஓடில்லா நத்தை முடிப்பாசியை ஒரு வாரத்தில் மொட்டையடிக்கும். பாசி தீர்ந்ததும் பட்டினியால் சாகும். தீர்ந்த அன்றே நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள், பம்பு வாயை வலையால் மூடிவையுங்கள்.

மீன்களில் ஃபாக்ஸ்ஃபேஸ் நல்ல மேய்ச்சல்காரன். நம் பாம்பன் பக்கம் ஓரா என்று பிடிக்கிறார்களே, அந்தக் குடும்பம். சீனப் புத்தாண்டு நேரத்தில் சினையோடு இங்கே ஈரச்சந்தையில் விலை ஏறுவதும் இதன் உறவுதான். முதுகு முள்ளில் விஷம் உண்டு, தொட்டிக்குள் கைவிடும்போது அது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இதுவும் டாங் மீன் வகைகளும் நீந்த இடம் கேட்கும். நாலடிக்குக் குறைந்த தொட்டிக்குப் பாசியைக் காரணம் காட்டி வாங்காதீர்கள்.

படி 8: மருந்து, கடைசியில்

பிரயோப்சிஸ்தான் என்று உறுதியானால் ஃப்ளூகோனசோல் கலந்த மருந்துகள் உதவும். கரியையும் ஜிஎஃப்ஓவையும் எடுத்துவிட்டு டப்பாவில் உள்ளபடி போடுங்கள். முதல் வாரம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும், அதற்காக இன்னொரு முறை போடாதீர்கள். சாகும் பாசியைக் கையால் எடுத்துக்கொண்டே இருங்கள்.

சயனோவுக்கு முதலில் உறிஞ்சி எடுத்து, ஓட்டத்தைச் சரிசெய்து, மூன்று நாள் விளக்கணைப்பு. அதற்கும் அடங்காவிட்டால்தான் சயனோ மருந்து. எதைப் போட்டாலும் காற்றுக்கல் ஒன்றை ஓடவிடுங்கள்.

டைனோ வந்துவிட்டால் மேலே சொன்னதில் பாதியைத் தலைகீழாகச் செய்யுங்கள்

என் இரண்டாவது சறுக்கல் இது. முடிப்பாசியை வென்ற உற்சாகத்தில் ஜிஎஃப்ஓவை ஏற்றி, வினிகரையும் கூட்டி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0.00 ஆனதும் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். மூன்றாவது வாரம் மணல்மேல் சளி. நத்தைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மற்ற நுண்ணுயிர்களெல்லாம் பட்டினியில் ஒடுங்கிய காலி மைதானத்தில் டைனோ ஆடும்.

இதற்கு வைத்தியம் சோறு போடுவது. ஜிஎஃப்ஓ, வினிகர், எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தண்ணீர் மாற்றுவதையும் சில வாரம் தள்ளிப்போடுங்கள். உணவைக் கூட்டியோ, அதற்கென்று விற்கும் நைட்ரேட், பாஸ்பேட் கரைசலைச் சொட்டாக விட்டோ நைட்ரேட்டை 5-லிருந்து 10-க்குள்ளும் பாஸ்பேட்டை 0.05-லிருந்து 0.1-க்குள்ளும் கொண்டுவந்து நிறுத்துங்கள். தினமும் அளக்க வேண்டும், முதலில் போட்டதெல்லாம் மறுநாளே மறைந்துவிடும். ஆஸ்ட்ரியோப்சிஸ் போன்ற வகைகள் இரவில் தண்ணீருக்குள் மிதந்து வரும், அப்போது யுவி (புறஊதா) விளக்கு அவற்றைப் பிடிக்கும். மணலிலேயே ஒளிந்துகொள்ளும் ஆம்ஃபிடினியத்துக்கு யுவி பயன்படாது. அதற்குச் சிலிக்கேட் விட்டு, படி 1-ல் நாம் பழித்த அதே டயட்டத்தைப் போட்டியாக வளர்ப்பார்கள். எனக்கு வந்தது முதல் வகை. அடங்க ஏழு வாரம் ஆனது. இடையில் முடிப்பாசி லேசாகத் தலைகாட்டியபோது வாழ்க்கையில் முதல்முறையாக அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

ஊருக்குப் போகும்போது

டிசம்பர் விடுமுறைக்கு மூன்று வாரம் தஞ்சாவூர் போய்விட்டு வந்தபோதுதான் என் முதல் பெரும் பாசி. பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் உணவு டப்பாவைக் கொடுத்து "கொஞ்சமா போடுங்க" என்று சொல்லியிருந்தேன். அவருடைய கொஞ்சமும் என்னுடைய கொஞ்சமும் வேறு வேறு. கதவைத் திறந்ததும் வாசனை வந்தது, விளக்கைப் போட்டால் எங்கள் ஊர்க் குளத்தின் கடைசிப் படிக்கட்டு என் வரவேற்பறையில் நின்றுகொண்டிருந்தது.

இப்போதெல்லாம் மாத்திரை போட்டு வைக்கும் ஏழு அறை டப்பா மூன்று வாங்கி, ஒவ்வொரு அறையிலும் ஒரு நாள் உணவை அளந்து போட்டு வைக்கிறேன். மிச்ச உணவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் தண்ணீர் மாற்றி, ஸ்கிம்மர் கோப்பையைக் காலி செய்து, விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்து, ஈடுநீர் டிரம்மை விளிம்புவரை நிரப்பிவிடுவேன். ஆன்ட்டிக்கு ஊரிலிருந்து முறுக்கு வரும். போன தடவை திரும்பி வந்தபோது கண்ணாடியில் மட்டும் பச்சைப் படலம், செவ்வாய்க்கிழமை அறையில் மட்டும் உணவு அப்படியே இருந்தது.